கோழிக்கு அடியில் இரண்டாயிரம் ரூபாய்!

எங்கள் வீட்டுக் கோழி ஒன்று என்னுடைய இரண்டாயிரம் ரூபாயின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. கதை இல்லை ஸார், சத்தியம்!

மல்லாங்கிணறு தெரியும்தானே? விருதுநகரில் பஸ் ஏறினால் வழி நெடுகக் கரிசலும் வேலிக்கருவேலமும்தான் துணை. மழை பெய்தால் பருத்தி, மல்லி, சோளம். பெய்யாவிட்டால் திண்ணையில் உட்கார்ந்து அரசியல். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்வதானால், அதில் பருப்பு வேகாது. குளிக்கும்போது சோப்பு நுரைப்பதற்குள் ஆபீஸுக்கு லேட்டாகிவிடும்.

ஆகவே, 2025 மார்ச் மாதம் அம்மா ஒரு முடிவெடுத்தாள். தண்ணீர் சுத்திகரிக்கிற மிஷின் ஒன்று வாங்கிவிடுவது. கடையில் விலை 14,500 ரூபாய். ஆனால் மிஷினுக்கு மேல் தொங்கிய அட்டையில் சிவப்பு எழுத்தில், '2,000 ரூபாய் உங்கள் கணக்கில் திரும்ப வரும்!' என்று போட்டிருந்தது. அம்மா மனக்கணக்கில் புலி. "அப்ப பன்னெண்டாயிரத்து ஐநூறுதானடா?" என்றாள். பால் காசும் முட்டைக் காசுமாகச் சேர்த்து அவளிடம் இருந்தது சரியாக அவ்வளவுதான். மீதி இரண்டாயிரத்தை மகளிர் குழுவில் நூற்றுக்கு இரண்டு வட்டியில் எடுத்தாள். "ரெண்டு மாசத்துல வந்துரும்னு போட்டிருக்கான்ல, வந்ததும் கட்டிருவேன்."

என் சம்பளத்திலிருந்து தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "நீ கட்டுற வண்டித் தவணையே போதும்" என்று வாயை அடைத்துவிட்டாள். மாதக் கடைசியில் என்னிடம் இரண்டாயிரம் இருந்ததா என்று நீங்களும் கேட்காதீர்கள், நானும் சொல்லப் போவதில்லை.

ஒன்பதாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிபந்தனைகளை நிதானமாகப் படித்தேன். நம்ம ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பெயர்கள்கூட இதைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். பில்லை போட்டோ எடுக்க வேண்டும். மிஷினின் முதுகில் உள்ள நீளமான நம்பரைத் தட்ட வேண்டும். அட்டைப் பெட்டியில் உள்ள பார்கோடை வெட்டி எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்து இன்னொரு போட்டோ. எல்லாம் வாங்கிய நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள்!

"அம்மா... மிஷின் வந்த பெட்டி எங்க?"

"கொல்லையில இருக்கு. கோழி அடை உக்காந்திருக்கு."

போய்ப் பார்த்தேன். பெட்டியைப் படுக்கப் போட்டிருந்தாள். பார்கோடு ஒட்டிய பக்கம் தரையில். அதற்கு மேல் வைக்கோல். வைக்கோலுக்கு மேல் பதினோரு முட்டை. முட்டைக்கு மேல், உலகத்துக் கோபம் அத்தனையும் கண்ணில் தேக்கிக்கொண்டு கோழி.

குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள். அது உட்கார்ந்தே நாலு நாள்தான் ஆகியிருந்தது. கம்பெனி கொடுத்த கெடுவில் பாக்கி ஆறு நாள். என் மச்சான், அக்கா வீட்டுக்காரர், பார்கோடையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "விடுங்க மாப்ளே, ரெண்டாயிரந்தான?" என்றார். (வரதட்சணை பாக்கிக்கு மட்டும் இந்தப் பெருந்தன்மை வராது!) அம்மாவோ, "அடையில இருக்கிற கோழியக் கலைச்சா அம்புட்டும் கூமுட்டையாப் போகும், ஆமா!" என்று எச்சரித்தாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பெட்டியை வெட்டச் சொல்வது வெறும் குசும்பு இல்லை. பார்கோடு வெட்டிய பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். பணத்தையும் வாங்கிக்கொண்டு பொருளையும் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதை. நியாயந்தான். ஆனால் அமெரிக்காக்காரன் இந்த வியாபாரத்தைக் கண்டுபிடித்து வளர்த்தபோது இன்னொரு நியாயமும் கூடவே வளர்ந்தது. அங்கே இதற்கு 'மெயில்-இன் ரிபேட்' என்று பெயர். முழு விலை கொடுத்து வாங்கு. பில், பார்கோடு, பாரம் எல்லாவற்றையும் தபாலில் அனுப்பு. எட்டு வாரமோ பன்னிரண்டு வாரமோ கழித்து செக் வரும். வாங்குகிறவர் குறைந்த விலையை நினைத்துத்தான் வாங்குவார். ஆனால் ஒருவர் தபால் அனுப்ப மறப்பார். ஒருவர் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுவார். ஒருவருக்குத் தேதி தப்பும். இன்னொருவர், வந்த செக்கையே விளம்பரக் காகிதம் என்று நினைத்துக் கிழித்துப் போடுவார். இப்படிக் கேட்கப்படாமலே தங்கிப் போகும் பணத்துக்கு அந்தத் தொழிலில் 'பிரேக்கேஜ்' என்று செல்லப் பெயர். நம்முடைய சோம்பேறித்தனத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் தனிப் பத்தி! ஜனங்கள் திட்டியது தாங்காமல் 'பெஸ்ட் பை' என்ற பெரிய கடை 2005-ல், இந்தத் தபால் தள்ளுபடியைப் படிப்படியாக நிறுத்திவிடுகிறோம் என்று அறிவித்தது.

கணக்கு எல்லா நேரமும் கம்பெனிக்கே சாதகமாக விழுவதும் இல்லை. 1992-ல் இங்கிலாந்தில் ஹூவர் கம்பெனி, நூறு பவுண்டுக்கு மேல் பொருள் வாங்கினால் இரண்டு விமான டிக்கெட் இலவசம் என்றது. முதலில் ஐரோப்பா, அப்புறம் அமெரிக்கா! பாரம், தேதி, நிபந்தனை என்று அலைய முடியாமல் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்று கம்பெனி நினைத்தது. நினைத்த அளவுக்கு யாரும் ஓடவில்லை. வீடு பெருக்குகிற மிஷின் வேண்டாதவர்கள்கூட டிக்கெட்டுக்காக மிஷின் வாங்கினார்கள். 2 லட்சம் பேருக்கு மேல் பறந்தார்கள். கம்பெனிக்கு நஷ்டம் சுமார் 5 கோடி பவுண்டு. டிக்கெட் வராத கடுப்பில் ஒருவர், தன் வீட்டுக்கு ரிப்பேர் செய்ய வந்த கம்பெனி வேனையே வெளியே விடாமல் மறித்து வைத்துக்கொண்டார். வழக்குகள் 1998 வரை இழுத்தன.

அதே 1992-ல் பிலிப்பைன்ஸில் நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. பெப்ஸி மூடிக்குள் நம்பர். மே 25-ம் தேதி டி.வி.யில் அறிவித்த நம்பர் 349. பரிசு 10 லட்சம் பெஸோ. பார்த்தால் அந்த நம்பர் போட்ட மூடிகள் சுமார் 8 லட்சம்! கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லி ஆளுக்கு 500 பெஸோ நீட்டினார்கள். லாரிகள் எரிந்தன, குண்டு வீச்சு நடந்தது, உயிர்களும் போயின.

நமக்கு மூடி சேர்க்கிற வியாதி புதிதா என்ன? கோல்ட் ஸ்பாட் மூடி, தம்ஸ் அப் மூடி கொடுத்து வாங்கிய கிரிக்கெட் படப் புத்தகம், 1999 உலகக் கோப்பைக்கு பிஸ்கட் உறையில் ரன் சேர்த்தது... இதெல்லாம் அனுபவித்தவர்கள் இப்போது ஆபீஸில் சீனியர்களாக இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். பள்ளியில் படிக்கும்போது நானும் ஒரு கம்பெனிக்கு (பெயர் வேண்டாம்) பத்து உறை அனுப்பினேன். த.பெ. எண் மட்டும்தான் விலாசம். பதினோரு மாதம் தினமும் தபால்காரரை வழிமறித்து, கடைசியில் அவர் என்னைக் கண்டால் வேறு தெரு வழியாக சைக்கிளைத் திருப்பினார். ஸ்டிக்கர் ஒன்று வந்தது. ஒட்டவில்லை.

எங்கள் பக்கத்து மனுஷருக்கு 'ரிபேட்' என்ற வார்த்தை கைத்தறித் துணியால் பழக்கமானது. அருப்புக்கோட்டையில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அதிகம். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி என்றால், பில்லிலேயே கழித்துவிடுவார்கள். நாம் பார்கோடு வெட்ட வேண்டாம். ஆனால் தள்ளுபடிக்கான மானியம் அரசாங்கத்திடமிருந்து வர, சங்கங்கள் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். இங்கே காத்திருப்பது வாங்குகிறவர் பொறுப்பு இல்லை, நெய்கிறவர் பொறுப்பு. காஸ் சிலிண்டர் விஷயத்தில் 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க நமக்கும் அந்தப் பயிற்சி கொடுத்தார்கள். முழுக் காசு கொடுத்துவிட்டு, மானியம் ஏறிவிட்டதா என்று பாஸ்புக்கை வைத்துக்கொண்டு பாங்க் வாசலில் நின்றது யாருக்குத்தான் மறக்கும்?

கோழிக்கு வருவோம்.

இருட்டினால் கோழி சாந்தம். இது அம்மா சொன்ன டெக்னிக். ராத்திரி ஒன்பது மணிக்கு மச்சான் டார்ச் பிடிக்க, பெட்டியை மெதுவாக இரண்டு செங்கல் மேல் ஏற்றி, அடியில் படுத்துக்கொண்டு அரை பிளேடால் அட்டையை அறுத்தேன். கடைசி மூலை அறுபடும்போது கோழிக்கு விழிப்பு வந்துவிட்டது. சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு சித்தப்பா, "யார்றா அது கோழி களவாங்குறது?" என்று கம்போடு ஓடி வந்தார். விளக்கம் சொன்னேன். கம்பைக் கீழே போடவே இல்லை.

வெட்டிய பார்கோடில் கோழியின் கைங்கரியமும் சேர்ந்திருந்தது. துடைத்து, போட்டோ எடுத்து, கம்பெனியின் வெப்சைட்டில் ஏற்றினேன். படம் பெரிதாக இருக்கிறதாம். சுருக்கினேன். தெளிவாக இல்லையாம். நம்பரில் இருப்பது பூஜ்யமா, 'ஓ'வா? இரண்டையும் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தப்புக்குக் கதவைச் சாத்திவிட்டு, நாளை வா என்றது. பதினான்காவது நாள் ராத்திரி பதினொன்றரைக்கு, 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. 45 வேலை நாட்கள் காத்திருக்கவும்' என்று வந்தது. வேலை நாட்கள், கவனிக்கவும்!

ஜூன் மாதம் பதில் வந்தது: 'நிராகரிக்கப்பட்டது. காரணம்: ரசீது தெளிவாக இல்லை.' மறுபடியும் போட்டோ எடுக்கலாம் என்று பில்லைத் தேடி எடுத்தால், வெள்ளைக் காகிதம்! மிஷினில் அடிக்கிற வழவழப்பான பில் காகிதத்தில் மசியே கிடையாது, சூட்டில்தான் எழுத்து தெரியும். அம்மா அதை அடுப்படி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தாள். எங்கள் ஊர் வெயிலும் அடுப்புச் சூடும் சேர்ந்து எழுத்தைத் தின்றுவிட்டன. (பில் வாங்கிய அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள் ஸார், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.)

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பதினாலு வருஷமாகக் குழுவில் ஒரு தவணை தப்பாதவள். இப்போது கூட்டத்தில் கடைசி ஆளாக உட்கார ஆரம்பித்தாள். "வட்டி மட்டும் கட்டிட்டு வாரேன்" என்று நாற்பது ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்புவாள்.

எனக்கு ரோஷம் வந்தது. கடையில் போய் நின்று, கம்ப்யூட்டரிலிருந்து பில் நகல் வாங்கினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தேன். தமிழிலேயே பேசுகிறார்கள், பதிவு நம்பரும் தந்தார்கள். கம்பெனியிலிருந்து, 'தங்கள் திருப்தியே எங்கள் லட்சியம், ஆவணங்களை மீண்டும் அனுப்பவும்' என்று பதில். அனுப்பினேன். மறுபடி மௌனம்.

சட்டத்தைப் புரட்டினேன். பரிசோ இலவசமோ தருவதாகச் சொல்லி, தராமலிருக்கிற எண்ணத்தோடு ஆசை காட்டுவது முறையற்ற வணிகம் என்பது 1986 நுகர்வோர் சட்டத்திலேயே உண்டு. அந்த இடத்துக்கு வந்த 2019 சட்டமும் அதையே சொல்கிறது. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கெடு இரண்டு வருஷம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. எங்கள் மாவட்டத்துக்கு ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டு பஸ் மாற வேண்டும், லீவு போட வேண்டும். மச்சான் கணக்குப் போட்டு, "நாலு வாய்தாவுக்குப் பஸ் காசே தின்னுரும் மாப்ளே" என்றார். கம்பெனியும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது!

செப்டம்பரில் ஒரு பக்க நோட்டீஸ் எழுதினேன். பதினைந்து நாளில் பணம் வராவிட்டால் ஆணையத்துக்குப் போவேன், பணத்தோடு மன உளைச்சலுக்கும் கேட்பேன் என்று. கம்பெனிக்காரன் எனக்குக் கொடுத்த அதே பதினைந்து நாள்! பதிவுத் தபால் கேட்டேன். அதை ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கிறார்கள் என்றார் தபால் ஆபீஸில். சரி, ஸ்பீடாகவே போகட்டும்.

தீபாவளி முடிந்த வாரம், ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது போனில் மணி அடித்தது. இரண்டாயிரம் ரூபாய் ஏறியிருந்தது! வட்டி கிடையாது, வருத்தமும் கிடையாது. பரவாயில்லை என்று ஏ.டி.எம்.மில் எடுத்துக்கொண்டு, அல்வாவும் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து ஊருக்கு ஓடினேன்.

"அம்மா, குழுவுல கட்டிரு!"

"அதைத்தான் தீபாவளிக்கு முந்தியே கட்டிட்டேனே."

"ஏது காசு?"

அம்மா கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள். பதினோரு முட்டையில் ஒன்பது பொரித்திருந்தது. பருந்துக்கும் கீரிக்கும் போக ஐந்து தேறியது. அதில் மூன்று சேவல். தீபாவளி விலைக்கு மூன்றையும் விற்று, அசலும் ஏழு மாத வட்டியுமாகக் கட்டிவிட்டு, மீதியில் எனக்கு ஒரு கைலி எடுத்து வைத்திருந்தாள்.

இரண்டு ஐநூறு தாள்களை எண்ணி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "இந்தா, இதை நீ வச்சுக்க, நோட்டீஸு, தபாலுன்னு செலவழிச்சிருப்ப." மற்ற ஆயிரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கேட்டாள்: "ஏன்டா, அந்தக் கம்பெனியில வேற என்ன சாமான் விக்கிறான்? அந்தப் பெட்டி நல்லா கனமான அட்டைடா!"