தறிக்கு உதவாத நூல்

ஆரணி என்றதும் எவர்க்கும் பட்டுப் புடவையே நினைவுக்கு வரும். ஆரணியிலும், அதைச் சுற்றியுள்ள ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தறியோசை கேட்டு வருகிறது. இந்தப் பட்டு நூலில் காலுறை பின்னலாம் என்று சொன்னால் நம்மவர் சிரிப்பர். சிரிக்கும் முன் அதன் விவரத்தைச் சற்றுக் கேட்குமாறு நண்பர்களை வேண்டுகிறேன்.

நெசவில் பாவு, ஊடை என இருவகை நூல்கள் உண்டு. பாவு தறியில் நீளவாட்டில் கட்டப்படுவது. ஊடை நாடாவிலிருந்து குறுக்கே ஓடுவது. கூலிக்கு நெய்பவர் நூலை எடை போட்டு வாங்குவார். புடவையை எடை போட்டுக் கொடுப்பார். ஆகவே மிச்சமும் முதலாளியின் கணக்கில் சேர்ந்துவிடும். சொந்தமாக நூல் வாங்கி நெய்தவர் வீட்டில்தான் மிச்சம் தங்கும். எங்கள் தாத்தா சில ஆண்டுகள் அவ்வாறு நெய்தவர். அவர் தறியை விட்ட பின்பும் ஒரு தகரப் பெட்டி நிறைய அரக்கு, மஞ்சள், கிளிப்பச்சை நிறங்களில் ஊடை நூல் கிடந்தது. எந்த நிறமும் ஒரு புடவைக்குப் போதாது. எறிந்துவிடவும் அவருக்கு மனம் வரவில்லை.

தறிக்குப் போதாத நூல் பின்னல் ஊசிக்குப் போதுவது எப்படி? நெசவுத் துணியில் இரு திசை நூல்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கின்றன. பின்னலிலோ ஒரே நூல் வளைந்து கண்ணியாகி, அக்கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைகிறது. இழுத்தால் கண்ணி விரியும், விட்டால் சுருங்கும். திருப்பூர் பனியன் உடலோடு ஒட்டி நிற்பதும் இதனால்தான். பாவு வேண்டாம், எந்தச் சுற்றிலும் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். எனவே சிறு மிச்சமும் பயன்படும்.

பட்டுக்கும் காலுறைக்கும் உள்ள உறவு புதிதன்று. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-இல் காலுறை பின்னும் இயந்திரத்தை அமைத்தார். முதலில் முரட்டுக் கம்பளி நூலில் பின்னிய அவ்வியந்திரம், பிறகு மெல்லிய பட்டு நூலுக்கும் ஏற்றவாறு திருத்தப்பட்டது. நம் நாட்டிலும் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பகுதிப் பெண்கள் கையால் பின்னும் கம்பளிக் காலுறைகள் பெயர் பெற்றவை. ஆரணிப் பட்டு பெற்றுள்ள புவிசார் குறியீட்டை அக்காலுறைகளும் பெற்றுள்ளன.

இனி, கணக்கிற்கு வருவோம். 20/22 டெனியர் பட்டு என்றால், அந்த இழை 9000 மீட்டருக்கு 20 முதல் 22 கிராம் எடை இருக்கும். காலுறைக்கான கம்பளி நூல் 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வரும். அதாவது 9000 மீட்டருக்கு 2250 கிராம். ஆகவே அந்தப் பருமன் வர இத்தகைய பட்டிழைகள் நூற்றுக்கு மேல் சேர வேண்டும்! சாயமிடுமுன் வேகவைத்துப் பசை நீக்கும்போது பட்டு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு எடை குறையும். அப்போது இழைகள் இன்னும் கூடுதலாக வேண்டும். பாட்டி இராட்டையில் பல இழைகளைச் சேர்த்துச் சுற்றித் தந்தார். பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்தெடுத்த கம்பளி நூலையும் அதனுடன் கூட்டினோம். பட்டு வலிமையானது, ஆனால் கம்பளிக்குள்ள இயற்கைச் சுருள் அதற்கில்லை. பட்டால் மட்டும் பின்னிய காலுறை நாளடைவில் தளர்ந்து கணுக்காலில் சரிந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் கம்பளி பிடிமானத்தையும், பட்டு மென்மையையும் தரும்.

பின்னும் முறை இது. இருபுறமும் முனையுள்ள ஐந்து ஊசிகள் வேண்டும். 2 மில்லிமீட்டர் கனமுள்ள சைக்கிள் போக்ஸ் கம்பிகளின் முனைகளைத் தேய்த்து மழமழப்பாக்கினால் அவையே போதும். 64 கண்ணிகள் போட்டு நான்கு ஊசிகளில் பதினாறு பதினாறாகப் பிரிக்க வேண்டும். ஐந்தாவது ஊசி பின்னுவதற்கு. மேல் விளிம்பில் இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு எதிர்க்கண்ணி என மாற்றிப் பின்னினால் அது காலைக் கவ்விப் பிடிக்கும். குதிகாலுக்கு 32 கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி, ஒரு சதுரமாக்கி, நடுவில் கண்ணிகளைக் குறைத்து வளைக்க வேண்டும். பிறகு ஓரங்களிலிருந்து கண்ணிகளை எடுத்துக்கொண்டு, படிப்படியாகக் குறைத்து மீண்டும் 64-க்கு வந்து, பாதத்தை முடிக்க வேண்டும். விரல் நுனியில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் நான்கு கண்ணிகளாகக் குறைத்து, எஞ்சியவற்றைத் தைத்து இணைத்தால் காலுறை முடிந்தது. தேய்வது குதிகாலே ஆதலால் அங்கு நூலை நெருக்கமாகப் பின்னுதல் நலம். சலவைச் சோடா பட்டு, கம்பளி இரண்டையும் கெடுக்கும். பூந்திக்கொட்டை நுரையில் குளிர்ந்த நீரால் அலச வேண்டும்.

குழித்தறியில் வெறுங்காலோடு மிதிகட்டையை மிதித்த தாத்தாவின் பாதங்கள் மார்கழியில் சில்லிட்டுப் போகின்றன. மூவண்ணக் காலுறையை அவரிடம் கொடுத்தேன். அவர் உடனே அணியவில்லை. உட்புறத்தைத் திருப்பி, நூல் மாறிய இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். "முடிச்சு உறுத்தலையே" என்றார். நெசவாளர் ஒருவர் தரும் பாராட்டு அவ்வளவுதான்!

நம் கல்லூரியில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பயில்கின்றனர். அவர்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய பெட்டிகள் இருக்கலாம். அவற்றைத் திறந்து, அந்த நூல் எந்தப் புடவையின் மிச்சம் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். நூலோடு தொழிலின் வரலாறும் கிடைக்கும். பின்னல் கற்க விரும்பும் தோழியர்க்கும் தோழர்க்கும் மதிய இடைவேளையில் சொல்லித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.