தண்ணீரை நிறுத்த வேண்டாம், மின்கசிவை நிறுத்துவோம்

சமையல் மேடைக் கிரானைட்டின் ஓரத்தைப் பாலிஷ் போடப் பலரும் எடுப்பது சாதாரண ஆங்கிள் கிரைண்டரைத்தான். அதில் வைரப் பேடை மாட்டி ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார். மேடை பளபளக்கிறது, ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த மெஷின் உலர்ந்த வேலைக்காகச் செய்யப்பட்டது. மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றுத் துளைகள் வழியே தண்ணீரும் கல்சேறும் உள்ளே போகும். வேகமும் பொருந்தாது: நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும், ஈரப் பாலிஷுக்கான பேடுகளில் பெரும்பாலானவை 4,500 சுற்றுக்கு மேல் ஓட்டக் கூடாதவை. இந்த வேலைக்கென்றே உள்ள வெட் பாலிஷரில் தண்ணீர் குழாய் வழியாகப் பேடின் நடுவில் வந்து விழும், வேகமும் குறைவு.

அப்படியானால் தண்ணீரே இல்லாமல் பாலிஷ் போட்டால் என்ன என்று கேட்கலாம். அது இதைவிட மோசமான வழி. கிரானைட்டில் கணிசமான பங்கு படிகச் சிலிக்கா. செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் அது 90 சதவீதத்தையும் தாண்டலாம். தேய்க்கும்போது கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத அதன் தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. அந்த நோயைக் குணமாக்க மருந்து இல்லை. முகத்தில் கட்டும் துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. இந்த நோய்க்கு அஞ்சித்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளுக்குத் தடை விதித்தது. ஆகவே தண்ணீர் இருந்தே தீர வேண்டும். அந்தத் தண்ணீர் மின்சாரத்தைக் கைக்குக் கொண்டுவராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் பொறுப்பு.

"எம்.சி.பி. இருக்கிறதே, எர்த்தும் இருக்கிறதே" என்பது வழக்கமான பதில். 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒயரையும் கட்டடத்தையும் தீயிலிருந்து காக்கும். மனித இதயம் நின்றுபோகச் சில பத்து மில்லி ஆம்பியர் போதும். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். எர்த்தை நம்பவும் முடியாது, ஏனெனில் கைமெஷின்கள் பலவும் எர்த் இல்லாத இரட்டை இன்சுலேஷன் வகை. உள்ளே ஈரம் புகுந்தால் அந்தக் காப்பு போய்விடும். போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.தான் ஆளைக் காப்பது. கட்டுமான இடத்தின் தற்காலிக இணைப்பில் அது இல்லாவிட்டால், பிளக்கோடு சேர்ந்த சிறிய வகையை மெஷினுடனேயே கொண்டுபோகலாம். "அடிக்கடி டிரிப் ஆகி வேலை கெடுகிறது" என்று அதைத் தவிர்த்து நேராக இணைப்பவர்கள் உண்டு. டிரிப் ஆவது பெரும்பாலும் மெஷினிலோ ஒயரிலோ கசிவு இருப்பதால்தான். அந்த மெஷினை ஓட்டக் கூடாது, மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும்.

பராமரிப்பு சிரமமானதல்ல. தினமும் தொடங்குமுன் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தித் துண்டிக்கிறதா என்று பார்க்க வேண்டும். டேப் சுற்றிய ஒட்டு ஒயர் ஈர வேலைக்கு ஆகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது. வேலை முடிந்ததும் தண்ணீரை மூடிச் சற்று நேரம் சும்மா ஓட்டி, பிளக்கைக் கழற்றிய பிறகு துடைக்க வேண்டும். கல்சேற்றை ஈரத்தோடு அள்ளிவிட வேண்டும். காய்ந்தால் அதுவே மறுபடியும் தூசி.

வெட் பாலிஷர், ஆர்.சி.சி.பி. ஆகியவற்றின் செலவு யாருடையது? கூலிக்கு வருபவருடையதல்ல, வேலைக்கு வைத்த கான்ட்ராக்டருடையது. வேலையில் நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பை 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வேலை கொடுத்தவர்மீது வைத்தது. 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. சிலிக்கோசிஸும் தொழில்நோய்ப் பட்டியலில் உண்டு. ஷாக் அடித்தவர் உடனே மருத்துவமனையில் காட்டி, வேலையின்போது நேர்ந்தது என்று பதிவுசெய்யச் சொல்ல வேண்டும். தூசியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் எந்தெந்தக் கடையில், எவ்வளவு காலம் என்பதற்கான கூலிச்சீட்டுகளையும் எக்ஸ்ரே படங்களையும் பத்திரப்படுத்த வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இப்போதே பதிவுசெய்யலாம். இழப்பீடு கோருபவர்கள் காலம் தாழ்த்தாமல் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுக வேண்டும்.