சண்டி மாட்டைப் பழக்குவது எப்படி?

ஆந்திர எல்லையை ஒட்டிய பொதட்டூர்பேட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆயினும் அதன் சுற்றுவட்டாரத்தில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் சிறு விவசாயிகள் ஏராளம். டிராக்டர் வந்தபின் ஏர் மாடுகள் குறைந்துவிட்டன என்பது உண்மையே. ஆனால் டிராக்டர் திரும்ப இடமில்லாத துண்டு நிலத்துக்கு ஒரு ஜோடி மாடு இன்றும் கைகொடுக்கிறது. கடன் வாங்கிப் பிடித்த இளங்காளை ஜோடியில் ஒன்று சண்டியாகிவிட்டால், கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவதைத் தவிர விவசாயிக்கு வேறு வழியில்லாமல் போகிறது.

சண்டித்தனம் பெரும்பாலும் பிறவிக் குணம் அன்று. வலியும் பயமுமே அதற்குக் காரணம். ஆகவே, முரண்டு பிடிக்கும் மாட்டை அடிப்பதற்கு முன் அதன் உடம்பைப் பார்க்க வேண்டும். நுகம் உரசும் இடத்தில் புண் அல்லது வீக்கம் உள்ளதா, மூக்கணாங்கயிறு அறுத்திருக்கிறதா, குளம்பில் முள்ளோ கல்லோ ஏறியிருக்கிறதா என்று கவனிக்கவும். கழுத்துப் புண் உள்ள மாடு நுகத்தைக் கண்டதும் பின்வாங்குவது இயல்பு. புண் ஆறும்வரை அதைப் பூட்டவே கூடாது.

அடுத்தது பயம். மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் அமைந்திருப்பதால், அது ஏறக்குறைய சுற்றிலும் பார்க்க வல்லது. நேர் பின்புறம் மட்டும் அதற்குத் தெரியாது. அந்தப் பக்கமாகச் சத்தமின்றி வருபவரைத்தான் அது உதைக்கிறது. ஆகவே, குரல் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில், தோளை நோக்கி நெருங்க வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அதற்குள் ஆள் நுழைந்தால் விலகும். விலகத் தொடங்கும்போது அங்கேயே நின்று, அது அமைதியானதும் ஓர் அடி பின்வாங்கினால், ஆள் வருவதால் ஆபத்தில்லை என்று சில நாட்களில் புரிந்துகொள்ளும். தினமும் கையால் தீவனம் கொடுத்து, கழுத்தையும் திமிலையும் தடவிவிட்டால் பழக்கம் விரைவில் வரும்.

இரண்டு பல் போடும் பருவம் பழக்கத் தொடங்க ஏற்றது. முதலில் வெறும் நுகத்தை மட்டும் சில நாட்கள் வைத்து நடத்தவும். பிறகு நன்கு பழகிய, சாதுவான மாட்டுடன் ஜோடி சேர்த்து, உழுது போட்ட நிலத்தில் இலேசான கட்டையை இழுக்க விடவும். புழுதியில் மிரண்டு ஓடினாலும் வேகம் எடுக்காது. விழுந்தாலும் அடி குறைவு. காலை வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் போதும். கயிற்றை இழுக்கும்போது மாடு ஓர் அடி எடுத்து வைத்தால் அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்த வேண்டும். இதுதான் முக்கியம். அந்தத் தளர்வுதான் மாட்டுக்குக் கிடைக்கும் கூலி. நடந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், நடப்பதில் பயனில்லை என்றே அது கற்றுக்கொள்ளும்.

ஏரில் படுத்துவிடும் மாட்டுக்கும் இதே கணக்குத்தான். படுத்தவுடன் பூட்டாங்கயிற்றை அவிழ்த்துவிட்டால், படுத்தால் விடுதலை என்று அது தெரிந்துகொள்கிறது. மறுநாளும் படுக்கும். கழுத்து இறுகாமலும் மூச்சுத் திணறாமலும் பார்த்துக்கொண்டு, கலப்பையை மட்டும் கழற்றிவிட்டு, அடிக்காமல் காத்திருக்க வேண்டும். எழுந்து பத்தடி நடந்த பிறகே அவிழ்க்கலாம். ஆனால் வெயிலில் இளைத்து நாக்கைத் தொங்கவிட்டுப் படுக்கும் மாடு சண்டி அன்று. அதை உடனே அவிழ்த்து, நிழலில் கட்டித் தண்ணீர் காட்ட வேண்டும்.

வாலை முறுக்குவது, கண்ணில் மிளகாய் தேய்ப்பது, வயிற்றின் கீழ் நெருப்பு வைப்பது போன்ற பழைய முறைகள் கொடுமையானவை, பலனும் தருவதில்லை. நுகத்தையும் வேதனையையும் மாடு ஒன்றாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். ஆணி பதித்த தார்க்குச்சி 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி தடை செய்யப்பட்டது. வெப்பம் 37 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும் நாட்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை மாட்டை வேலை வாங்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது. காயடிப்பதை உள்ளூர் ஆட்களிடம் விடாமல் கால்நடை மருத்துவரிடமே செய்துகொள்ளவும்.

சாதுவாக இருந்த மாடு திடீரென்று முட்ட வந்து, ஓயாமல் கத்தி, எச்சில் ஒழுக்கினால் அது வெறிநோயாக இருக்கலாம். பழக்க முற்படாமல் தனியே கட்டி, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் தர வேண்டும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிடுவது உயிருக்கே ஆபத்து. எச்சில் பட்டவர்கள் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு நன்கு கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எல்லைப் பகுதி விவசாயிகள் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஆந்திரச் சந்தையில் வாங்கும் மாடு தெலுங்குக் குரலுக்குப் பழகியிருக்கும். தமிழில் அதட்டினால் விழிக்கும். அதைச் சண்டி என்று எண்ணிவிடக் கூடாது. திருத்தணிப் பகுதி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்ததால் இங்கு இரு மொழியும் அறிந்தவர்களுக்குக் குறைவில்லை. மாட்டைப் பிடிக்கும்போதே, நிற்கவும் திரும்பவும் என்ன சொல்லிப் பழக்கினார்கள், வலத்தனா இடத்தனா என்பதை விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.