களிமண்ணில் காய்கறி வளருமா? மணலைக் கொட்டாதீங்க!

விதைத்த வெண்டை அழகாக முளைத்தது. சில வாரங்களில் இலை மஞ்சளாகிச் செடி சாய்ந்துவிட்டது. தண்ணீர் போதவில்லையா? களிமண் தோட்டத்தில் பெரும்பாலும் நேர்மாறு. தண்ணீர் வடியவில்லை.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. இடையில் நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறும்.

உங்கள் வீட்டு மண் எப்படி? ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள். உடையாமல் கயிறு மாதிரி நீண்டால் களிமண்தான்.

"மணல் கலந்தா சரியாயிடும்" என்பார்கள். நம்பாதீங்க! கொஞ்சம் மணல் கலந்த களிமண் காய்ந்தால் கிட்டத்தட்ட செங்கல்.

தேவை, மக்கிய உரம். மண்மீது 5 முதல் 10 செண்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, 20 செண்டிமீட்டர் ஆழம்வரை கொத்திக் கலக்குங்கள். நுண்துகள்கள் சிறு உருண்டைகளாகச் சேரும். நடுவே காற்றும் நீரும் போக வழி கிடைக்கும். சத்தைப் பிடித்துவைப்பதில் களிமண் கெட்டி, அந்தப் பலனும் நமக்கே.

மழை விட்டதும் மண்வெட்டியைத் தூக்க வேண்டாம். ஈரக் களிமண்ணை மிதித்தால் இறுகிவிடும். விரலால் அழுத்தினால் உதிரும்வரை காத்திருங்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு உரம் சீக்கிரம் கரைந்துவிடும். ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் கொஞ்சம் சேர்க்கணும்.

அதுவரை பொறுமை இல்லையா? கங்கோங் கீரை போடுங்க. அதுக்கு ஈரம்தான் பிடிக்கும்.