ரவைப் பட்டையும் இலகு இயந்திரத் துப்பாக்கியும்

1941 டிசம்பர் 11 முதல் 13 வரை கெடாவின் ஜித்ராவில் நடந்த போரை மாணவர்க்கு விளக்கும்போது, “ஜப்பானியரிடம் இலகுவான இயந்திரத் துப்பாக்கி இருந்தது, எதிர்த்தவர்களிடம் இல்லை” என்று சொல்லி முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது பொருந்தாது. ஒருவரே தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதும், நீண்ட பட்டையிலிருந்து ரவை பெறுவதுமான துப்பாக்கி அங்கு இரு தரப்பாரிடமும் இருக்கவில்லை. ஏன் இல்லை என்பதை ஆராய்வோம்.

1884இல் ஹைரம் மாக்சிம் என்பார், சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் விசையைக் கொண்டே அடுத்த ரவையை ஏற்றும் முறையைக் கண்டார். ரவைகள் 250 செருகிய துணிப்பட்டை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெறுமையாய் வெளிவரும். அதன் வழித்தோன்றலே பிரிட்டிஷ் படை 1912இல் ஏற்ற விக்கர்ஸ். சூடேறும் குழலைக் குளிர்விக்க, அதைச் சுற்றிய உறையில் சுமார் 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். முக்காலி மட்டுமே 20 கிலோவுக்கு மேல். ஒருவர் துப்பாக்கியையும், ஒருவர் முக்காலியையும், ஏனையோர் ரவையையும் நீரையும் சுமக்க வேண்டும். ரப்பர் மரங்களினூடே சேற்றில் இதைக் கொண்டுசெல்வது எத்தகைய பாடு என்பதை நம் தோட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, மழையில் நனைந்த துணிப்பட்டை இறுகி ரவையை எளிதில் விடாது.

இதை இலகுவாக்க ஜெர்மானியர் முதல் உலகப் போரிலேயே முயன்றனர். முக்காலியை நீக்கி, இரு கால்களும் தோட்கட்டையும் பொருத்தினர். ஆனால் தண்ணீர் உறை நீங்கவில்லை; எடை சுமார் 18 கிலோ. அதன் பெயர் 08/15. மொழி ஆசிரியர்கள் சுவைக்கத்தக்க செய்தி ஒன்று: எங்கும் மலிந்த அத்துப்பாக்கியின் எண்ணே ஜெர்மன் மொழியில் ‘சிறப்பில்லாத சாதாரணப் பொருள்’ என்னும் பொருளில் இன்றும் வழங்குகிறது.

ஏனைய நாடுகள் பட்டையையே கைவிட்டன. செக் நாட்டின் புர்னோ நகரில் உருவாகி, இங்கிலாந்தின் என்பீல்டில் செய்யப்பட்டதால், இரு ஊர்ப் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து ‘பிரென்’ எனப்பட்ட துப்பாக்கி சுமார் 10 கிலோ. மேலே செருகும் வளைந்த கூட்டில் 30 ரவைகள். விடாது சுட்டால் நான்கு விநாடியில் கூடு காலி! ஜித்ராவில் பஞ்சாபியரும் ஜாட்டியரும் கூர்க்கர்களும் அடங்கிய 11ஆம் இந்தியப் படைப்பிரிவினரின் கையில் இருந்த இலகு துப்பாக்கி இதுவே. ஜப்பானியரின் 96ஆம் வகையும் 30 ரவைக் கூடுதான். அவர்களது கனத்த 92ஆம் வகை, 30 ரவை கொண்ட உலோகத் தகட்டால் ஊட்டப்பட்டது. முக்காலியுடன் சுமார் 55 கிலோ.

எனவே ஜித்ராவின் தோல்விக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். சயாம் எல்லைக்குள் முன்னேறும் திட்டத்தில் தயக்கம், வெள்ளம் தேங்கிய பதுங்கு குழிகள், ஆசுன் அருகே சாலையில் பாய்ந்த டாங்கிகள் ஆகியவையே பெரிய காரணங்கள் என்பது என் கருத்து.

அக்காலத்தில் இச்சிக்கலை முதலில் அவிழ்த்தது ஜெர்மனியின் எம்ஜி 34. எடை 12 கிலோ. தண்ணீருக்குப் பதில், சூடேறிய குழலையே கழற்றி வேறு குழல் மாட்டலாம். துணிக்குப் பதில் உலோகப் பட்டை. அடுத்து வந்த எம்ஜி 42 தகட்டை அழுத்திச் செய்யப்பட்டதால் மலிவு. நிமிடத்துக்கு 1,200 ரவை வரை சுடும்.

பட்டை எவ்வாறு நகர்கிறது? தையல் இயந்திரத்தை நினைவில் கொள்க. ஊசி ஏறி இறங்குந்தோறும் அடியிலுள்ள பற்கள் துணியை ஒரு தையல் அளவு தள்ளுகின்றன அல்லவா? அதுபோல, எம்ஜி 42இல் முன்னும் பின்னும் ஓடும் அடைப்பின் தலையிலுள்ள முளை, மேல்மூடியில் இருக்கும் வளைந்த தடத்தில் புகுந்து நெம்புகோலைப் பக்கவாட்டில் அசைக்கும். அதன் கொக்கி பட்டையை ஒரு ரவை அளவு இழுக்கும். தொங்கும் பட்டையின் பாரத்தையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் விசை போதாவிடில் ஓட்டம் தடைப்படும். இலகு துப்பாக்கியில் இதுவே கடினமான கணக்கு.

பெல்ஜியத்தின் எர்னஸ்ட் வெர்வியே 1950களில் அமைத்த மாக் துப்பாக்கி இவ்வூட்டு முறையையே பின்பற்றியது. ஆயினும் எடை 12 கிலோவை ஒட்டியே நின்றது. பின்னர் அவரே அமைத்த மினிமியில் அது ஏறக்குறைய 7 கிலோவாகக் குறைந்தது. சிறிய 5.56 மில்லிமீட்டர் ரவையே இதற்குக் காரணம். அதன் எடை பழைய 7.62 ரவையில் பாதிதான். 200 ரவை சுமந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் மிச்சம். அமெரிக்கப் படை 1980களில் இதை ஏற்றது. பட்டை தீர்ந்தால் சாதாரண ரவைக்கூட்டையும் செருகலாம். ஆனால் அப்போது இழுக்கும் பாரமின்றி வேகம் மிகுந்து, சிக்கிக்கொள்வதும் மிகுதி.

இந்தியத் தரைப்படையிலோ, பிரென்னுக்குப் பின் வந்த இன்சாஸ் இலகு துப்பாக்கியும் கூட்டு வகையே. 2020 மார்ச்சில்தான் பட்டை ஊட்டும் இஸ்ரேலிய நெகேவ் துப்பாக்கிகள் 16,479 வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்தது. ஜித்ராப் போருக்குப் பின் அதற்குள் 78 ஆண்டுகள் கடந்திருந்தன.