மொய் நோட்டுக்கு எவ்வளவு ஞாபகம் வேண்டும்?

இன்றைய எபிசோடில் ஒரே ஒரு கேள்விதான். மனிதர்கள் ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கொண்டே இருக்க எவ்வளவு ஞாபகம் தேவை? போன தடவை நடந்தது போதுமா, இல்லை மூன்று தலைமுறைக் கணக்கும் வேண்டுமா?

நான் பேசுவது கூட்டேரிப்பட்டிலிருந்து. சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகிற வழியில், மயிலம் முருகன் கோயிலுக்குத் திரும்புவீர்களே, அந்த ஊர்தான். இந்தப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு மேசை, இரண்டு பேர், ஒரு மொய் நோட்டு இருக்கும். ஊர், பெயர், தொகை. அவ்வளவுதான் எழுதுவார்கள். பிறகு அந்த நோட்டு பீரோவுக்குள் போய்விடும். யார் வீட்டிலிருந்தாவது பத்திரிகை வந்தால் திரும்ப வெளியே வரும். "அவங்க நமக்கு எவ்ளோ செஞ்சிருக்காங்க, பாரு."

இதைக் கொஞ்சம் விளையாட்டாக மாற்றிப் பார்க்கலாம். இரண்டு வீடுகள். இரண்டும் மொய் செய்தால், செலவு வரும் நேரத்தில் இரண்டுக்கும் மொத்தமாகப் பணம் கிடைக்கும். ஒரு வீடு வாங்கிக்கொண்டு திருப்பிச் செய்யாமல் விட்டால் அதற்குத்தான் லாபம். யாருக்கும் எதுவும் ஞாபகம் இல்லாத ஊரில் என்ன ஆகும்? வாங்கிக்கொண்டு விடுகிறவர்தான் ஜெயிப்பார். கொஞ்ச நாளில் யாருமே மொய் எழுத மாட்டார்கள்.

ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் இதே மாதிரி ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டியாக நடத்தி, 1980-இல் முடிவை வெளியிட்டார். நிபுணர்கள் 14 புரோகிராம்கள் அனுப்பினார்கள். ஒவ்வொரு ஜோடியும் 200 தடவை ஆடின. ஜெயித்தது எது தெரியுமா? அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய, இருப்பதிலேயே சின்ன புரோகிராம். முதல் தடவை உதவு. அதன் பிறகு எதிராளி போன தடவை என்ன செய்தாரோ அதையே நீயும் செய். அடுத்த போட்டிக்கு 62 புரோகிராம்கள் வந்தன. அதிலும் இதுவே ஜெயித்தது. அதற்கு இருந்த ஞாபகம் ஒரே ஒரு ஆட்டம்தான். நம்ம மொய் நோட்டு மாதிரியே: போன தடவை என்ன செய்தார்கள் என்று மட்டும் பார்க்கும்.

சரி, ஞாபகமே இல்லாமல் ஒத்துழைப்பு நிற்குமா? நிற்கும், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 1992-இல் மார்ட்டின் நோவாக்கும் ராபர்ட் மேயும் சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கட்டத்தில் ஆட்களை வைத்துப் பார்த்தார்கள். யாருக்கும் பழைய ஞாபகம் கிடையாது. பக்கத்துக் கட்டத்தில் இருப்பவரோடு மட்டும் ஆடலாம். உதவுகிறவர்கள் கூட்டமாகச் சேர்ந்து நின்ற இடங்களில் பிழைத்துக்கொண்டார்கள். அதாவது, தெரு இறுக்கமாக இருந்தால் நோட்டு இல்லாமலும் காரியம் நடக்கும். தெருக்காரர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட பிறகு, தெரு செய்த வேலையை நோட்டு செய்ய வேண்டியிருக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்று தனியாகவே நடத்துகிறார்கள். அவ்வளவு பெரிய வலைப்பின்னலை வாய் ஞாபகம் மட்டும் தாங்காது. எழுத்துதான் தாங்குகிறது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. "செய்தால் செய், விட்டால் விடு" என்கிற ஆட்டத்தில் ஒரு சின்னத் தவறு போதும். பத்திரிகை கை மாறிப் போகிறது, அவர் வரவில்லை. அதனால் நீங்கள் போகவில்லை. அதனால் அவர் மறுபடியும் வரவில்லை. இரண்டு பேருமே நல்லவர்கள்தான், உறவு முறிந்துவிட்டது. 1992-இல் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். உதவிக்கு எப்போதும் உதவி. உதவாமல் விட்டதை மட்டும் அவ்வப்போது மன்னித்துவிடு. வழக்கமான புள்ளிக் கணக்குப்படி மூன்றில் ஒரு தடவை மன்னிக்கலாம். தவறு நடக்கிற உலகத்தில் கறார்க் கணக்கை விட இது நன்றாக நிலைத்து நிற்கிறது.

எங்க வீட்டிலேயே இந்தக் கேள்வி வந்தது. அப்பா ஒரு வீட்டுக்கு மொய் செய்திருந்தார். என் அக்கா கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை. பிறகு அவர்கள் வீட்டுப் பத்திரிகை வந்தபோது, போகலாமா வேண்டாமா என்று பேச்சு. அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: "அந்த வருஷம் அவங்களுக்கு நெல்லே இல்லடா, வெறுங்கையோட எப்படி வருவாங்க?" போனோம், மொய் எழுதினோம். அவர்கள் பணமாக இன்னும் எதுவும் திருப்பவில்லை. ஆனால் அப்பா தவறியபோது பந்தல் போட்டதிலிருந்து பால் தெளிப்பு வரைக்கும் எங்களோடு நின்றது அந்த வீடுதான். அதை எழுத நோட்டில் இடம் கிடையாது.

நோட்டு தொகையை ஞாபகம் வைக்கும், காரணத்தை வைக்காது. அதனால் அது முதலில் வெளியே தள்ளுவது ஏமாற்றுக்காரரை அல்ல, இல்லாதவரை. திருப்ப முடியாதவர் கூச்சப்பட்டு ஒரு விசேஷத்துக்கு வராமல் இருப்பார். அதன் பிறகு அவரைக் கூப்பிடவே மாட்டார்கள். ஒரு கெட்ட வருஷம் ஒரு குடும்பத்தை முழுசாகத் தனியாக்கிவிடும். உதவி ரொம்பத் தேவைப்படுகிற நேரமும் அதுதான்.

இப்போது மொய் எழுத கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பெயரைத் தட்டினால் பழைய கணக்கெல்லாம் வந்து நிற்கும். ஞாபகம் கூடினால் ஒத்துழைப்பும் கூடுமா? வில்லியம் பிரஸ்ஸும் ஃப்ரீமன் டைசனும் 2012-இல் காட்டியது இது: இரண்டு பேர் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும்போது, நீளமான ஞாபகம் இருப்பதாலேயே குறைந்த ஞாபகக்காரரை ஒருவர் முந்திவிட முடியாது. ஆகவே, எத்தனை வருஷக் கணக்கு கையில் இருக்கிறது என்பதை விட, விட்டுப்போன ஒரு வரியைப் பார்த்ததும் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம்.

உங்க வீட்டு நோட்டிலும் அப்படி ஒரு வரி இருக்கும். அடுத்த பத்திரிகை வரும்போது, தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் வயதானவர்கள் யாரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்க: அந்த வருஷம் அவர்களுக்கு என்ன நடந்தது? அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.