கடவுள் இல்லாமல் பன்னிரண்டு படிகள்

குடியை விட நினைக்கும் நாத்திகருக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் இடம் உண்டா? கனடாவில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நீடித்த சண்டைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கேள்விதான்.

குடியை நிறுத்தியே தீருவது என்று முடிவெடுத்த ஒருவர் முதலில் தேடுவது ஒரு பட்டியலை. இன்று மாலை எந்தத் தெருவில், எத்தனை மணிக்குக் கூட்டம் என்று சொல்லும் பட்டியல். கைநடுக்கம் நிற்காத அந்த நேரத்தில் அவருக்கு வேறு பிடிமானம் கிடையாது. கனடாவின் டொரன்டோ நகரில் 2011 மே 31 அன்று அந்தப் பட்டியலிலிருந்து இரண்டு குழுக்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. 'பியாண்ட் பிலீஃப்', 'வி அக்னாஸ்டிக்ஸ்' என்ற அந்தக் குழுக்கள் செய்த குற்றம் இதுதான்: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் (ஏஏ) 12 படிகளைக் கடவுள் என்ற சொல் இல்லாமல் மாற்றி எழுதிப் பயன்படுத்தின.

கூட்டங்கள் நின்றுவிடவில்லை. ஆனால் புதிதாக வருபவருக்கு அவை இருப்பதே தெரியாமல் போனது. பழைய உறுப்பினர்களைவிட, இன்னும் வந்து சேராதவர்களுக்குத்தான் நஷ்டம்.

பிரச்சினையின் வேர் ஏஏ பிறந்த காலத்திலேயே இருக்கிறது. 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சனும் அறுவைச் சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்ததில் உருவானது இந்த அமைப்பு. ஒரு குடிநோயாளிக்கு இன்னொரு குடிநோயாளியே துணை என்பது அவர்கள் கண்டுகொண்ட உண்மை. இருவருக்கும் ஆக்ஸ்ஃபர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்துடன் தொடர்பு இருந்தது. அதன் சாயல் 1939ல் புத்தகமாக வெளிவந்த 12 படிகளிலும் படிந்தது. அவற்றில் ஆறு படிகள் கடவுளையோ மேலான ஒரு சக்தியையோ குறிப்பிடுகின்றன. பக்தருக்கு இது ஆறுதல். குடியை நிறுத்த வந்த இடத்தில் நம்பாத ஒன்றிடம் தன்னை ஒப்படைக்கச் சொல்கிறார்களே என்று நாத்திகர் திகைக்கிறார்.

ஆனால் கதவு முதலிலிருந்தே முழுதாகச் சாத்தப்படவில்லை. 1938ல் இந்த வட்டத்துக்குள் வந்த விற்பனைப் பிரதிநிதி ஜிம் பர்வெல் கடவுள் பேச்சைக் கேட்டாலே கொதித்தெழுவார். அதே ஆண்டில் மறுபடி குடித்து விழுந்து, மறுபடி திரும்பி வந்தார். அவரைப் போன்றவர்களின் வாதாட்டத்தால்தான் படிகளின் வாசகம் தளர்ந்தது. மண்டியிட்டு வேண்டுவது பற்றிய சொற்கள் வரைவிலிருந்து நீக்கப்பட்டன. கடவுள் என்றால் அவரவர் புரிந்துகொண்டபடி என்ற விளக்கம் சேர்ந்தது. பின்னால் வகுக்கப்பட்ட மரபுகளும் உறுப்பினராவதற்கு ஒரே ஒரு தகுதியைத்தான் கேட்டன: குடியை நிறுத்தும் விருப்பம்.

அந்த இடைவெளியில்தான் நம்பிக்கையற்றவர்கள் காலூன்றினார்கள். பலருக்கு 'மேலான சக்தி' என்பது சுற்றி உட்கார்ந்திருக்கும் குழுவேதான். தனியாகச் செய்ய முடியாததைக் குழுவாகச் செய்ய முடிகிறது, அதுவே போதும் என்பது அவர்கள் கணக்கு. 1975ல் சிகாகோவில் நாத்திகர்களுக்கென ஒரு குழு தொடங்கியது. 1980ல் லாஸ் ஏஞ்சலிஸில் இன்னொன்று. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1987ல் கடவுள் இல்லாத 12 படிகளைத் தாமே எழுதி வெளியிட்டார். 1994ல் உருவான ஸ்மார்ட் ரிகவரி போன்ற மதச்சார்பற்ற மாற்று அமைப்புகளும் வந்தன. பிறகு ஏன் இவர்கள் ஏஏவை விட்டுப் போகவில்லை? காரணம் எளிது. கட்டணம் இல்லாமல், ஏறக்குறைய எல்லா ஊரிலும் கூட்டம் நடத்துவதில் ஏஏவுக்கு ஈடு இல்லை.

கட்டாயப்படுத்தி அனுப்பப்படுபவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1996 முதல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பல, கைதிகளையும் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர்களையும் மதச்சார்புள்ள 12 படித் திட்டங்களில் அரசு கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது என்று தீர்ப்பளித்துள்ளன. அத்தகைய திட்டத்தை ஆட்சேபித்ததால் 100 நாட்களுக்கும் மேல் மீண்டும் சிறையில் அடைக்கப்பட்ட கலிஃபோர்னியா நாத்திகர் ஒருவருக்கு, 2014ல் ஏறத்தாழ 20 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது.

தானாக வருபவரின் நிலை வேறு. டொரன்டோவில் நீக்கத்தை ஆதரித்தவர்களின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. பலரைக் காப்பாற்றிய படிகளை ஆளுக்கொரு விதமாகத் திருத்திக்கொண்டே போனால், நாளை வருபவருக்கு எது மிஞ்சும் என்று அவர்கள் கேட்டார்கள். விலக்கப்பட்டவர்கள் தரப்பில் 2014ல் ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் புகார் தரப்பட்டது. 2017ல் சமரசம் ஏற்பட்டு, குழுக்கள் மீண்டும் பட்டியலில் இடம்பிடித்தன. அடுத்த ஆண்டே, பிரிட்டனில் நாத்திக உறுப்பினர்களுக்காக உருவான கையேடு ஒன்றை அமெரிக்க, கனடா ஏஏ மாநாடு தனதாக்கிக்கொண்டது.

ஆய்வுகள் சொல்வது என்ன? 'புராஜெக்ட் மேட்ச்' என்ற சிகிச்சை ஆய்வில் 1,726 பேர் பங்கேற்றனர். அதன் விவரங்களை அலசிய கட்டுரை ஒன்று 2002ல் வெளிவந்தது. கூட்டத்துக்கு வந்த நாத்திகர்கள் பக்தர்களைப் போலவே பலன் பெற்றார்கள். ஆனால் அவர்கள் குறைவாகவே வந்தார்கள். 27 ஆய்வுகளைத் தொகுத்த 2020ன் காக்ரேன் அறிக்கையின்படி, ஏஏவுடன் இணைக்கும் முறையான சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் மதுவைத் தொடாமல் இருந்தனர். மற்ற சிகிச்சைகளில் இது 35 சதவீதம். ஆக, பலன் தருவது நம்பிக்கை அல்ல, வந்து உட்காருவது. வாசலிலேயே ஒருவரைத் திரும்பிப் போகவைக்கும் ஒரு சொல்லுக்கு அதனால்தான் இவ்வளவு கனம்.

இந்தியாவுக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. 2019ல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் இந்தியர்கள் சுமார் 5.7 கோடிப் பேர். ஏஏ இங்கு வந்ததோ 1957லேயே. அந்த 5.7 கோடியில் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு. இருவருக்கும் தேவைப்படுவது இன்று மாலை போய் உட்கார ஒரு நாற்காலி.